பொரிப்பகத்தில் விழித்திருப்பவர்கள்

சந்தையில் நாம் வாங்கும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் குளத்தில் வளர்ந்தவைதான். ஆனால் குளத்தில் பிறந்தவை அல்ல. இந்தக் கெண்டைகள் தேங்கிய நீரில் கொழுக்கும், சினைப்படும், வயிறு புடைத்து நிற்கும்; அதோடு சரி. முட்டையிட அவற்றுக்குப் புதுவெள்ளம் வேண்டும். கங்கையிலும் பிரம்மபுத்திராவிலும் மழைநீர் கரைபுரண்டு தாழ்நிலங்களில் பரவும்போது, நீரின் ஓட்டமும் குளிர்ச்சியும் கலங்கலும் சேர்ந்து மீனின் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும். அது சுரந்தால்தான் சினை முற்றி வெளியே வரும். குளத்தில் அந்தத் தூண்டுதல் இல்லாததால், உருவான முட்டை உடலுக்குள்ளேயே கரைந்துபோகும். அதனால் ஒரு காலத்தில் மீன் வளர்ப்பவர்கள் ஆற்றையே நம்பியிருந்தார்கள். வங்காளத்தில் வெள்ளக் காலத்தில் ஆற்றோரமாகக் கூம்பு வலைகளைக் கட்டி, அடித்து வரும் நுண்குஞ்சுகளை அள்ளி, மண்பானைகளில் ஊற்றி ரயிலேற்றி அனுப்பினார்கள். காற்றுப் பிடிப்பதற்காக வழிநெடுகப் பானையைக் குலுக்கிக்கொண்டே ஓர் ஆள் கூடப் போக வேண்டும். பானைக்குள் இருப்பதில் கட்லா எவ்வளவு, கட்லாவைத் தின்னப்போகும் வாளை எவ்வளவு என்பது குளத்தில் விட்டுச் சில மாதம் கழித்துத்தான் தெரியும்.

1957 ஜூலை 10ஆம் தேதி ஒடிசாவின் அங்குல் என்ற ஊரில் இந்த நிலை மாறியது. ஹீராலால் சௌத்ரியும் கே. எச். அலிகுன்ஹியும் வேறு மீனின் பிட்யூட்டரி சுரப்பியை அரைத்துச் சாறெடுத்து, அதை ஊசி வழியே கெண்டைக்குச் செலுத்தி, தேங்கிய நீரிலேயே முட்டையிடச் செய்தார்கள். பிரேசிலில் 1930களிலேயே வேறு மீன்களில் கையாளப்பட்ட முறைதான் இது. இந்தியக் கெண்டைகளில் அதைப் பலிக்கவைத்தது இவர்களுடைய சாதனை. அந்த நாளைத்தான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம். தகுந்த மரியாதை அது. ஆனால் ஆராய்ச்சிக் குளத்தில் ஒருமுறை நடந்ததை, ஆண்டுதோறும், மழைக்காலம் முழுக்க, இரவு தவறாமல் நடத்திக் காட்டுபவர்களுக்கு நாட்காட்டியில் இடமில்லை என்பது போகட்டும், சம்பளப் பட்டியலில்கூட உறுதியான இடமில்லை. ஒரு பொரிப்பகம் தரும் குஞ்சு நல்லதா, மட்டமா என்பதை அங்குள்ள தொட்டியும் மருந்தும் தீர்மானிப்பதைவிட, அங்கே தொடர்ந்து இருக்கும் ஆட்களின் கணிப்பே அதிகம் தீர்மானிக்கிறது. அவர்களைப் பருவக் கூலிகளாக வைத்திருக்கும்வரை மீன் விதையின், அதாவது குஞ்சின், தரத்தைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் பேச்சாகவே நிற்கும் என்பது என் வாதம். அந்த வேலை உண்மையில் என்ன என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

மாலையில் இனப்பெருக்கக் குளத்தில் வலை இழுக்கிறார்கள். செதில் உரியாமல் இழுக்க வேண்டும். உரிந்த இடத்தில் புண் வைத்தால் அந்தத் தாய்மீன் அந்தப் பருவத்துக்கு உதவாது. வலையில் சுருங்கி நிற்கும் மீன்களை ஒவ்வொன்றாகக் கையில் தாங்கிப் பார்க்கிறார்கள். ஆண் என்றால் பக்கத் துடுப்பின் உள்புறத்தில் விரலை ஓட்டினால் சொரசொரக்கும். அடிவயிற்றை மெல்ல அழுத்தினால் பால் போல் விந்து கசியும். பெண்ணுக்குத் துடுப்பு வழவழப்பாக இருக்கும். வயிறு பரந்து, தொட்டால் மெத்தென்று அமுங்கும். கழிவாய் வீங்கிச் சிவந்திருக்கும். வயிறு பெருத்திருந்தும் கையில் கெட்டியாக நின்றால் சினை இன்னும் முற்றவில்லை. தொளதொளவென்று தளர்ந்திருந்தால் பக்குவம் தாண்டிவிட்டது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள சில நாட்களைக் கண்டுபிடிக்கக் கருவி கிடையாது, விரல்தான் கண்டுபிடிக்கிறது. தவறாகத் தேர்ந்த மீனுக்கு எவ்வளவு மருந்து ஏற்றினாலும் அது முட்டையிடாது, அல்லது பாதி இட்டு நிறுத்திவிடும், அல்லது இட்டதெல்லாம் சூல்கொள்ளாமல் வெள்ளையாகப் பூத்துப்போகும். சுரப்பிச் சாறு பயன்படுத்திய நாட்களில் பெண் மீனுக்கு எடைக் கணக்கில் முதல் ஊசி, ஆறு மணி நேரம் கழித்து இரண்டாவது ஊசி, ஆணுக்கு அந்த இரண்டாவது ஊசியின்போது ஒன்று என்று முறை வைத்திருந்தார்கள். மாலையில் தொடங்கினால் நள்ளிரவில் இரண்டாவது ஊசி, விடியற்காலையில் முட்டை. இன்றைய மருந்துக்கு ஒரே ஊசி போதும். ஆனாலும் முட்டை வருவது விடியலை ஒட்டித்தான். எனவே இந்த வேலையின் கனமான பகுதி முழுவதும் ஊர் தூங்கும் நேரத்தில்தான் நடக்கிறது.

அடுத்த கட்டத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முழு முதலும் அங்கேதான் தொங்குகிறது. இப்போது பெரும்பாலும் சீன முறை வட்டத் தொட்டிகள்தான். பொரிக்கும் தொட்டியின் தரையில் வாத்தின் அலகு போன்ற குழாய் முனைகள் ஒரே திசையில் சாய்வாக வைக்கப்பட்டிருக்கும். அவற்றின் வழியே பாயும் நீர் தொட்டிக்குள் சுழன்றுகொண்டே இருக்கும். நடுவில் நைலான் சல்லடை சுற்றிய ஒரு கூடு. மிகுதி நீர் அதன் வழியே வெளியேறும். ஒரு கன மீட்டர் நீருக்குச் சுமார் 7 லட்சம் முட்டைகள் விடலாம் என்பது கணக்கு. மூன்றரை மீட்டர் விட்டமுள்ள ஒரு தொட்டியில் 50 லட்சத்துக்கு மேல் உயிர்கள் சுற்றிக்கொண்டிருக்கும் என்று பொருள். கெண்டை முட்டைக்கு மிதக்கும் குணமில்லை, ஒட்டும் குணமுமில்லை. நீர் தூக்கிப் பிடித்திருக்கும்வரைதான் அதற்கு மூச்சு. மோட்டார் நின்றால் முட்டைகள் அடியில் குவியும். கீழே மாட்டியவை மூச்சுத் திணறிச் சாகும். செத்தவை அழுகி மற்றவற்றையும் கெடுக்கும். ஓட்டம் மிஞ்சினாலோ முட்டையோடு உடையும், பொரித்த குஞ்சு சல்லடையில் மோதி ஒட்டிக்கொள்ளும். முதலில் ஓர் அளவு, கரு துடிக்கத் தொடங்கியதும் ஓர் அளவு, பொரிக்கும் நேரத்தில் ஓர் அளவு என்று வால்வைத் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். 27 முதல் 31 டிகிரி வெப்பத்தில் 14 முதல் 18 மணி நேரத்தில் பொரிந்துவிடும். பொரிந்ததும் லட்சக்கணக்கான முட்டையோடுகள் கரைந்து நுரைகட்டிச் சல்லடையை அடைக்கும். அந்த நேரத்தில் ஒருவர் தொட்டிக்குள் இறங்கி அல்லது விளிம்பில் குனிந்து சல்லடையைத் தடவித் தடவிச் சுத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும். அவர் அரை மணி நேரம் கண்ணயர்ந்தால் நீர் கூட்டின் மேலாக வழிந்து குஞ்சுகளை வாய்க்காலுக்குக் கொண்டுபோய்விடும். மேல்நிலைத் தொட்டியும் ஜெனரேட்டரும் வைத்திருப்பார்கள். ஆனால் மின்சாரம் போன அந்த நிமிடத்தில் எழுந்து ஓட ஒரு ஆள் இருந்தால்தான் ஜெனரேட்டர் பயன்படும்.

மூன்றாம் நாள் முடிவில் மஞ்சள்கருப் பை வற்றிக் குஞ்சு இரை தேடும். அதற்குள் நாற்றங்கால் குளம் தயாராக இருக்க வேண்டும். இலுப்பைப் புண்ணாக்கு போட்டுப் பகைமீன்களை ஒழித்து, சாணமும் கடலைப் புண்ணாக்கும் ஊறவைத்து ஊற்றி நுண்ணுயிர் மிதவைகளைப் பெருக்கி, விடுவதற்கு முதல் நாள் எண்ணெயும் சோப்பும் கலந்த கரைசலைத் தெளித்து, குஞ்சைக் குத்தி உறிஞ்சும் நீர்ப்பூச்சிகளைக் கொல்ல வேண்டும். இவ்வளவும் ஒழுங்காகச் செய்தால் நுண்குஞ்சில் நூற்றுக்கு 30 முதல் 50 வரை தேறும். ஏதாவது ஒன்றைத் தவறவிட்டால் அந்தக் கணக்கும் இல்லை. பிறகு பொதி கட்டுவது: முதல் நாளே குஞ்சைப் பட்டினி போட்டுக் குடலைக் காலியாக்கி, பாலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு நீரும் மிச்சத்துக்கு ஆக்ஸிஜனும் நிரப்பி அனுப்புகிறார்கள். பட்டினி போடாமல் கட்டிய பையில் குஞ்சின் கழிவே அதற்கு நஞ்சாகும். அது பொரிப்பகத்தை விட்டுப் போகும்போது உயிரோடுதான் இருக்கும். விவசாயியின் குளத்தில் விட்ட பிறகு செத்து மிதக்கும். குற்றம் யாருடையது என்று அப்போது சொல்ல முடியாது.

இனி, எதிர்ப்பக்கத்து நியாயங்களைக் கவனிப்போம். முதலாவது, இந்தத் திறமையெல்லாம் பழைய காலத்துக்குரியது, செயற்கை மருந்து வந்த பிறகு யார் வேண்டுமானாலும் ஊசி போடலாம் என்பது. இதில் பாதி உண்மை. ஓவாப்ரிம் போன்ற மருந்துகள் மீனின் சொந்தச் சுரப்பியையே தூண்டிவிடுகின்றன. மீன் சந்தைகளில் தலைகளைப் பிளந்து சுரப்பி சேகரித்து ஆல்கஹாலில் போட்டுவைக்கும் சிரமம் போயிற்று. பெண் மீனுக்கு ஒரு கிலோவுக்கு அரை மில்லி அளவில் ஒரே ஊசியில் வேலை முடிகிறது. ஆனால் மருந்து எளிதாக்கியது ஊசி போடுவதைத்தான். எந்த மீனுக்குப் போடுவது என்பதை அல்ல. இன்னும் சொல்லப்போனால், எளிதானதாலேயே ஆபத்து கூடியிருக்கிறது. வயது நிரம்பாத சின்ன மீனையும் முட்டையிட வைக்க முடிகிறது. ஒரே தொட்டியில் ரோகுவையும் கட்லாவையும் கலந்து விட்டு, இரண்டுக்கும் பிறந்த கலப்புக் குஞ்சை எந்தப் பெயரிலும் விற்க முடிகிறது. வளர்ந்த நல்ல மீனைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, வளராமல் மிஞ்சியதைத் தாய்மீனாக வைத்துக்கொள்ளவும் முடிகிறது. ஒரு மூன்று கிலோ ரோகு ஐந்தாறு லட்சம் முட்டை இடும் என்பதால், நாலைந்து ஜோடியை வைத்தே ஒரு பொரிப்பகம் ஒரு பருவத்தை ஓட்டிவிடலாம். அந்தக் குஞ்சிலிருந்தே மறுபடி தாய்மீன் எடுத்தால் அண்ணன் தங்கைக்குள்ளேயே இனம் சுருங்கும். கர்நாடகத்துப் பொரிப்பகங்களை ஆராய்ந்து எக்நாத், டாயில் என்ற இரு ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட கட்டுரை, தாய்மீன் தேரும் வழக்கங்களால் இத்தகைய உட்கலப்பு ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்து வருவதைக் கணக்கிட்டுக் காட்டியது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த எச்சரிக்கை பழசாகவில்லை.

இதற்கு மாற்றாக எது சாத்தியம் என்பதற்கும் சான்று நம்மிடமே இருக்கிறது. புவனேசுவரத்துக்கு அருகே கௌசல்யகங்காவில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம், நார்வே நாட்டு நிறுவனத்துடன் சேர்ந்து 1992இல் ரோகு மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. கங்கை, யமுனை, கோமதி, சட்லஜ், பிரம்மபுத்திரா ஆகிய ஐந்து ஆறுகளிலிருந்து மீன் கொண்டுவந்து, பண்ணை மீனோடு சேர்த்து, குடும்பம் குடும்பமாகப் பிரித்து வளர்த்து, அடையாளச் சில்லு பொருத்தி, வேகமாக வளர்ந்தவற்றைத் தேர்ந்தார்கள். அப்படி வந்ததுதான் சுதந்திரப் பொன்விழா ஆண்டில் பெயர் சூட்டப்பட்ட ஜெயந்தி ரோகு. தலைமுறைக்குச் சராசரியாக 17 சதவீத அளவில் வளர்ச்சி கூடியது. இந்த வெற்றியில் மரபியல் கணக்கு ஒரு பாதி. ஒரு குடும்பத்துக் குஞ்சு அடுத்த குடும்பத்துத் தொட்டிக்குத் தாவாமல், பை மாறாமல், பெயர்ச்சீட்டு மாறாமல் பார்த்துக்கொண்டது மறுபாதி. ஒரு வாளி மாறியிருந்தால் கணினியில் இருந்த கணக்கெல்லாம் பாழ். ஜெயந்தி ரோகு இன்று தனியார் பொரிப்பகத்துக்குப் போகும்போதும் இதே நிபந்தனை கூடவே போகிறது. அங்கே அந்த மீனைப் பிற ரோகுவோடு கலக்காமல் காக்க ஆள் இல்லையென்றால் ஐந்து ஆற்று உழைப்பு இரண்டு பருவத்தில் கரைந்துபோகும்.

இரண்டாவது மறுப்பு, இயந்திரம் இந்த இடத்தை நிரப்பும் என்பது. நீரில் ஆக்ஸிஜன் குறைந்தால் கைப்பேசிக்கு எச்சரிக்கை வரும், ஓட்டம் தானாகச் சீராகும், இரவில் ஆள் எதற்கு என்கிறார்கள். அந்தக் கருவிகள் வரட்டும், வர வேண்டும். இரவெல்லாம் குனிந்து நிற்கும் ஒருவரின் முதுகை அவை காப்பாற்றினால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் எச்சரிக்கை மணி அடித்த பிறகு அடைத்த சல்லடையைத் துடைப்பதும், குழாய் முனையில் சிக்கிய பாசியை எடுப்பதும், பால் நிறமாகிவிட்ட முட்டைகளைப் பார்த்து இந்தத் தொட்டி தேறாது, இடம் வீணாக்காமல் காலி செய் என்று முடிவெடுப்பதும் கையும் கண்ணும் செய்யும் வேலைகளே. நல்ல முட்டை கண்ணாடி போல் தெளிந்து, நடுவில் கரு தெரிய நிற்கும். ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் கொஞ்சம் அள்ளிப் பார்த்தே எத்தனை சதவீதம் சூல்கொண்டிருக்கிறது என்று பழகியவர்கள் சொல்கிறார்கள். கருவி அவர்களுக்குத் துணை. அவர்களை அனுப்பிவிடுவதற்குக் காரணம் ஆகாது.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். இது மழைக்காலத் தொழில். ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை நடக்கும் வேலைக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளம் எப்படிக் கட்டும் என்று உரிமையாளர்கள் கேட்கிறார்கள். நான்கு மாதம் என்பது முட்டையின் கணக்கு. தாய்மீனின் கணக்கு அப்படி இல்லை. அடுத்த பருவத்தின் சினை இந்தக் குளிர்காலத்தில் போடும் தீவனத்தில் இருக்கிறது. ஆணையும் பெண்ணையும் பிரித்து வைப்பது, நெருக்கம் கூடாமல் பார்ப்பது, புதுநீர் பாய்ச்சுவது, புழுவும் பேனும் தொற்றினால் உடனே கவனிப்பது எல்லாம் பருவத்துக்கு முந்தைய ஐந்தாறு மாத வேலை. அதை ஒழுங்காகச் செய்த பண்ணையில் ஒரே மீனை ஒரு பருவத்தில் இரண்டு முறை முட்டையிட வைக்க முடிகிறது. செய்யாத பண்ணையில் ஒருமுறைகூடச் சரியாக வருவதில்லை. எந்தத் தாய்மீன் போன ஆண்டு எப்படிக் கொடுத்தது, எது எங்கிருந்து வந்தது என்ற நினைவும் அந்த ஆளோடுதான் இருக்கிறது. அவரை அக்டோபரில் அனுப்பிவிட்டு அடுத்த ஜூனில் வேறொருவரை எடுத்தால், பண்ணை ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் சேர்கிறது. இருந்தும் முழு ஆண்டுச் சம்பளம் சின்னப் பொரிப்பகங்களால் தாங்க முடியாத சுமைதான், அதை மறுக்கவில்லை. அந்தச் சுமையை யார் பகிர்வது என்பதுதான் கேள்வி. 2020இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம் 20,050 கோடி ரூபாய் அளவிலானது. பொரிப்பகம் கட்ட முன்வருபவருக்குத் திட்டச் செலவில் 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் கிடைக்கிறது. தொட்டிக்கும் குழாய்க்கும் பொதுப்பணம் தரலாம் என்று ஒப்புக்கொண்ட நாம், அந்தத் தொட்டியை இயக்கும் ஒருவரின் முதல் சில ஆண்டுச் சம்பளத்தில் ஒரு பங்கைத் தருவதில் என்ன தயக்கம்?

அனுபவசாலிகள் தொழிலைச் சொல்லித்தருவதில்லை, பூடகமாக வைத்துக்கொள்கிறார்கள் என்ற குறையும் அடிக்கடி காதில் விழுகிறது. வால்வை எவ்வளவு திருப்புவது என்பதைக்கூட அடுத்தவர் பார்க்காதபோது திருப்புகிறார்களாம். இருக்கலாம். வேலை நிரந்தரமில்லாத ஒருவருக்கு அவருடைய கைப்பக்குவம்தான் ஒரே சொத்து. அதைச் சொல்லிக்கொடுத்த மறுவாரம் அவரைவிடக் குறைந்த கூலிக்குச் சீடனே வந்து நிற்பான் என்றால் யார் சொல்லித்தருவார்கள்? மறைப்பது குணக்கேடு இல்லை, தற்காப்பு. வேலைக்கு உறுதி கொடுத்துவிட்டு, எழுதிவைக்கச் சொல்லிக் கேளுங்கள், எழுதுவார்கள். அரசுப் பண்ணைகளில் நிலைமை வேறு என்றாலும், அங்கேயும் இந்த அறிவை நாம் அறிவாக எண்ணியதில்லை. தமிழ்நாட்டில் மீன்வள உதவியாளர் பணிக்கு ஆள் எடுக்கும் அறிவிப்புகளைப் பாருங்கள். தமிழில் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், நீச்சல் தெரிய வேண்டும், வலை பின்னவும் அறுந்த வலையைச் செப்பனிடவும் தெரிய வேண்டும் என்று கேட்கிறார்கள். நல்ல தகுதிகள்; வலையைப் பக்குவமாக இழுக்கத் தெரியாதவர் தாய்மீனைத் தொடக்கூடாது. ஆனால் மேட்டூரிலும் பவானிசாகரிலும் தஞ்சை கரந்தையிலும் உள்ள அரசு மீன் விதைப் பண்ணைகளில் இதே பணியாளர்களே சினை பார்க்கவும் தொட்டி காக்கவும் வேண்டியிருக்கிறது. அந்தத் திறமையை நுழையும்போது கேட்பதில்லை. உள்ளே வந்து பத்துப் பருவம் பார்த்துக் கற்றுக்கொண்ட பிறகு அதற்காகப் பதவி உயர்வும் கொடுப்பதில்லை. கற்றவர் ஓய்வு பெறும் நாளில், அவரோடு பத்துப் பருவமும் வெளியேறுகிறது.

ஆகவே நான் கேட்பது பெரிய புரட்சி எதுவுமில்லை. பொரிப்பகத்துக்கு அங்கீகாரம் தரும்போது தொட்டியின் விட்டத்தை அளப்பதோடு, அங்கே தொடர்ந்து இருக்கும் ஆட்கள் எத்தனை பேர், எத்தனை பருவம் பார்த்தவர்கள் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். தாய்மீன் பதிவேட்டில் எந்த ஜோடி, எந்தத் தேதி என்பதோடு, யார் தேர்ந்தார் என்ற கட்டமும் இருக்கட்டும். நன்றாகத் தேர்ந்தவர் யார் என்று இரண்டே பருவத்தில் தெரிந்துவிடும், அதை வைத்துச் சம்பளம் உயர்த்தலாம். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பட்டப்படிப்போடு நில்லாமல், ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களின் கையைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கட்டும், அந்தச் சான்றிதழை எந்தப் பண்ணையிலும் காட்டிக் கூலி பேச முடியட்டும். இரவுப் பணிக்கு இருவர் என்று விதி வைக்கட்டும். ஒருவர் மட்டும் விழித்திருக்கும் தொட்டியில் களைப்புக்கும் ஐம்பது லட்சம் குஞ்சுக்கும் நடுவே வேறு எதுவும் இல்லை. குளம் வைத்திருக்கும் விவசாயிகள் இங்கே பலர் இருப்பீர்கள். உங்கள் செலவில் பெரும்பங்கு தீவனத்துக்குப் போகிறது. விதைக்கு ஆகும் செலவு சிறிது. அதனால் விலை மலிந்த இடத்தில் குஞ்சு எடுக்கிறீர்கள். அடுத்த முறை போகும்போது இந்தக் குஞ்சின் தாய் எங்கே வாங்கியது, இந்த முறை எத்தனை ஜோடி விட்டீர்கள், பட்டினி எப்போது போட்டீர்கள் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் சொல்ல முதலாளி தன் ஆளைக் கூப்பிடுவார். அந்த ஆள் போன ஆண்டும் அங்கே இருந்தவரா என்பதையும் விசாரித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.